இரு விரற்கடை உயரம்

குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, அதன் தலைக்கு நேரே கோடு ஒன்று இட்டு, ஆண்டுதோறும் அதன் உயரத்தை அளந்து மகிழ்வது பெற்றோர் இயல்பு. சென்ற ஆண்டுக் கோட்டிற்கு மேலே இவ்வாண்டுக் கோடு ஏறி நிற்பதைக் கண்டு அவர் மனம் குளிரும். ஆயின், சில இல்லங்களில் அக்கோடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கும். உடன்பிறந்தார் வளர்வர், உடன் பயில்வோர் வளர்வர், அக்குழந்தை மட்டும் பின்தங்கி நிற்கும். அதன் வளர்ச்சியைத் தடுத்தது யாது? அத்தடையை மருந்தினால் நீக்க இயலுமா? இயலுமாயின், அம்மருந்து பயன் தருவது என்பதையும் தீங்கு செய்யாதது என்பதையும் எவ்வாறு உறுதி செய்வது? இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ அறிஞர் மேற்கொண்ட முயற்சி அரை நூற்றாண்டிற்கும் மேற்பட்ட வரலாறு உடையது. அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, துயரமும் உண்டு, அவ்விரண்டும் கற்பித்த பாடமும் உண்டு.

மனித உடலின் வளர்ச்சியை ஆள்வனவற்றுள் முதன்மையானது பிட்யூட்டரி என்னும் சுரப்பி. பட்டாணி அளவே உள்ள அச்சுரப்பி, மூளையின் அடியில், எலும்பாலாகிய சிறு குழி ஒன்றில் அமைந்துள்ளது. அது தன்னில் ஊறும் நீர்மங்களைக் குழாய்வழி அனுப்பாமல் நேரே குருதியில் கலக்கிறது. இத்தகைய சுரப்புக்களை ஹார்மோன்கள் என்பர். அவற்றுள் ஒன்றே வளர்ச்சி ஹார்மோன். அது 191 அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பெற்ற ஒரு புரதமாகும்.

இந்த ஹார்மோன் குருதியோடு சென்று கல்லீரலைத் தூண்டுகிறது. கல்லீரல் வேறொரு வளர்ச்சிப் பொருளைத் தோற்றுவிக்கிறது. இவ்விரண்டும் சேர்ந்து, கைகால்களிலுள்ள நீண்ட எலும்புகளின் நுனிக்கருகே அமைந்த குருத்தெலும்புத் தட்டுக்களில் வேலை செய்கின்றன. அத்தட்டுக்களில் உயிரணுக்கள் பெருகி எலும்பாக மாற, எலும்பு நீள்கிறது, குழந்தை உயர்கிறது. பருவ வளர்ச்சி முடிவுறும்போது அத்தட்டுக்கள் முற்றிலும் எலும்பாகி மூடிக்கொள்கின்றன. அதன்பின் எத்துணை மருந்து கொடுப்பினும் உயரம் கூடுவதில்லை. எனவே, வளர்ச்சிக் குறைக்கு மருத்துவம் செய்வதற்கு உரிய காலம் குழந்தைப் பருவமே. அக்காலம் கழிந்தால் மீண்டும் வாராது. பெற்றோர் கொள்ளும் கவலைக்கும் விரைவுக்கும் இதுவே காரணம்.

எனினும், குள்ளமாக இருக்கும் குழந்தைகள் யாவரும் நோயுற்றோர் அல்லர். பெற்றோர் குள்ளராயின் பிள்ளைகளும் பெரும்பாலும் குள்ளராகவே இருப்பர். வேறு சிலர் காலம் தாழ்ந்து வளர்வர். பள்ளியில் முன் வரிசையில் நின்ற சிறுவன், சில ஆண்டுகள் கழித்துத் தன் தோழர்க்கு நிகராக உயர்ந்துவிடுவதுண்டு. போதிய உணவின்மை, தைராய்டுச் சுரப்பின் குறைவு, சிறுநீரக நோய், குடல் நோய் ஆகியனவும் வளர்ச்சியைக் குன்றச் செய்யும். பிட்யூட்டரியின் குறையால் வளராத குழந்தைகள் இவர்களுள் ஒரு சிறு பகுதியினரே. எனவே, மருந்து கொடுக்கு முன் காரணத்தை ஆராய்வது மருத்துவரின் முதற் கடமையாகும்.

இவ்வாராய்ச்சி பல படிகளை உடையது. முதலில் குழந்தையின் உயரத்தைச் சில மாத இடைவெளியில் மீண்டும் மீண்டும் அளப்பர். இன்று எவ்வளவு உயரம் என்பதைக் காட்டிலும், ஓராண்டில் எவ்வளவு உயர்ந்தது என்பதே பொருளுடையது. பின்னர், இடக்கையை எக்ஸ் கதிரால் படம் எடுத்து எலும்பின் முதிர்ச்சியைக் காண்பர். பத்து வயதுச் சிறுவனின் எலும்பு ஏழு வயதினரின் எலும்பைப் போல் இருத்தலும் உண்டு. அங்ஙனமாயின், அவன் வளர்வதற்குக் காலம் இன்னும் மிகுதியாக உள்ளது என்பது பெறப்படும். இறுதியாக, குருதியைச் சோதிப்பர். ஆனால், வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே சீராக ஊறுவதன்று, விட்டுவிட்டு ஊறுவது, ஆழ்ந்த உறக்கத்தில் மிகுதியாக ஊறுவது. பகலில் ஒருமுறை எடுத்த குருதியில் அது காணப்பெறாவிடினும் குறை என்று கொள்ளுதல் கூடாது. ஆகையால், சுரப்பியைத் தூண்டவல்ல பொருள் ஒன்றைக் கொடுத்து, குறித்த இடைவெளிகளில் குருதி எடுத்துப் பார்ப்பர். தூண்டியும் ஊறாத சுரப்பியே குறையுடையது என்று துணிவர்.

இக்குறையைப் போக்கும் மருந்தைத் தேடியவர்களுள் சிறந்தவர் சோ ஹாவோ லி என்பவர். அவர் சீன நாட்டில் பிறந்து, அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அவரும் ஹெர்பர்ட் ஈவான்ஸ் என்னும் அறிஞரும் 1944 ஆம் ஆண்டில் மாட்டின் பிட்யூட்டரியிலிருந்து வளர்ச்சி ஹார்மோனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர். எலிகளை அது வளரச் செய்தது; மனிதரிடத்திலோ பயன் தரவில்லை. மாட்டின் இன்சுலின் நீரிழிவு நோயாளருக்கு உதவிற்று. மாட்டின் வளர்ச்சி ஹார்மோன் குழந்தைகளுக்கு உதவவில்லை. மனிதனை வளர்க்க மனிதச் சுரப்பே வேண்டும் என்பது தெளிவாயிற்று. 1956 ஆம் ஆண்டில் லி அதனையும் பிரித்தெடுத்தார்.

அதன் பயனைக் குழந்தையிடத்தில் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவர் பாஸ்டன் நகர மருத்துவ அறிஞர் மாரிஸ் ராபன். இறந்தோரின் பிட்யூட்டரிச் சுரப்பிகளிலிருந்து ஹார்மோனை எடுக்கும் முறை ஒன்றை அவர் வகுத்தார். பிட்யூட்டரிக் குறையால் வளராதிருந்த பதினேழு வயது இளைஞன் ஒருவனுக்கு அதனை ஊசிவழிச் செலுத்தினார். ஆண்டிற்கு அரை அங்குலமே வளர்ந்து வந்த அவன், 2.6 அங்குலம் என்னும் விரைவில் வளரத் தொடங்கினான். 1958 ஆம் ஆண்டில் ராபன் இச்செய்தியை வெளியிட்டபோது, குள்ளக் குழந்தைகளின் பெற்றோர் உள்ளங்களில் நம்பிக்கை மலர்ந்தது.

ஆனால், மருந்து கிடைப்பது அரிதாக இருந்தது. ஒரு சுரப்பியிலிருந்து கிடைக்கும் ஹார்மோன் மிகச் சிறிது. ஒரு குழந்தையின் மருத்துவத்திற்கு இறந்தோர் பலரின் சுரப்பிகள் தேவைப்பட்டன. பெற்றோர் சிலர் தாமே மருத்துவமனைகளை அணுகிச் சுரப்பிகளைத் திரட்டினர். இந்நிலையைச் சீர்செய்ய 1963 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் உதவியுடன் தேசியப் பிட்யூட்டரி நிறுவனம் அமைக்கப்பெற்றது. அது நாடெங்குமிருந்து சுரப்பிகளைப் பெற்று, ஹார்மோனைப் பிரித்து, ஆராய்ச்சி மருத்துவர் வாயிலாகக் குழந்தைகளுக்கு வழங்கியது. 1985 ஆம் ஆண்டு வரை அந்நாட்டில் ஏறத்தாழ 7,700 பேர் அம்மருந்தைப் பெற்றனர். பிரிட்டன், பிரான்சு முதலிய நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் நடைபெற்றன. பல்லாயிரம் இல்லங்களில் சுவர்க்கோடுகள் மீண்டும் மேலே ஏறின.

அம்மகிழ்ச்சியினூடே, எவர் கண்ணுக்கும் புலப்படாத தீங்கு ஒன்று ஒளிந்திருந்தது. 1985 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் பணியாற்றிய ரேமண்ட் ஹின்ட்ஸ் என்னும் மருத்துவர் துயரச் செய்தி ஒன்றை அரசின் மருத்துவத் துறையினருக்கு அறிவித்தார். இளமையில் பல்லாண்டு அம்மருந்தைப் பெற்று வளர்ந்த இளைஞர் ஒருவர், நடை தள்ளாடி, பேச்சுக் குழறி, இருபது வயதளவிலேயே உயிர் துறந்தார். அவர்க்கு வந்தது கிராய்ட்ஸ்பெல்ட்-யாக்கோபு நோய். மூளையை அரித்து அழிக்கும் அந்நோய் பெரும்பாலும் முதியோரையே பற்றுவது. அதுவும் மிக அரிதாகவே வருவது. அஃது ஓர் இளைஞரைப் பற்றியது ஏன் என்று ஹின்ட்ஸ் எண்ணினார். அவர் பெற்ற மருந்தின்மீது ஐயுற்றார். அவ்வையம் வீண் போகவில்லை. சில வாரங்களுக்குள் அதே மருந்தைப் பெற்ற வேறு சிலரும் அந்நோயால் இறந்தமை தெரிய வந்தது.

நோய் வந்த வழி பின்னர் விளங்கிற்று. ஆயிரக்கணக்கான சுரப்பிகளை ஒருங்கே கலந்து மருந்து செய்யப்பெற்றது. அவற்றுள் நோயுற்ற ஒருவரின் சுரப்பி சேர்ந்திருந்தாலும், அதன் நச்சுப் புரதம் மருந்து முழுவதையும் கெடுத்தது. கொதிக்கும் வெப்பத்திற்கும் வழக்கமான கிருமிக்கொல்லிகளுக்கும் அழியாத அப்புரதம், உடலினுள் புகுந்தபின் பத்தாண்டு, இருபதாண்டு, சிலரிடத்து அதனினும் மிகுந்த காலம் வெளித்தோன்றாமல் உறங்கிக் கிடந்தது. 1985 ஆம் ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவில் அம்மருந்தை வழங்குவது நிறுத்தப்பெற்றது. எனினும், முன்னரே பெற்றவர்களைக் காப்பதற்கு வழி இல்லை. பின்வந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் முப்பதுக்கும் மேற்பட்டோரும், பிரிட்டனில் எழுபதுக்கும் மேற்பட்டோரும், பிரான்சில் நூற்றுக்கும் மேற்பட்டோரும் அந்நோய்க்கு இரையாயினர். அமெரிக்காவில் 1977 ஆம் ஆண்டில் மருந்தைத் தூய்மை செய்யும் முறை திருத்தப்பெற்றிருந்தது. அதன் பின்னரே அந்நாட்டில் மருந்தைப் பெறத் தொடங்கியவர்களிடம் அந்நோய் காணப்பெறவில்லை. தூய்மையின் பொருட்டு மேற்கொண்ட ஒரு திருத்தம், அதனைச் செய்தோரும் அறியாமலே பலர் உயிரைக் காத்தது.

இங்குத் தவறு செய்தவர் எவரும் தீய எண்ணம் உடையவர் அல்லர். சுரப்பிகளைத் திரட்டியவரும், மருந்து வடித்தவரும், ஊசி இட்டவரும் குழந்தைகளின் நலனையே கருதினர். ஆயினும், நல்லெண்ணம் மட்டும் ஒரு மருந்தை நல்ல மருந்தாக்கிவிடாது. சில ஆண்டுகளில் தோன்றும் நன்மையைக் கண்டு, பல ஆண்டுகள் கழித்துத் தோன்றும் தீமையை மறத்தல் ஆகாது. மருத்துவ உலகம் இப்பாடத்தை மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

பழைய வழி அடைபட்ட அதே ஆண்டில் புதிய வழி ஒன்று திறந்தது. மனித வளர்ச்சி ஹார்மோனை ஆக்குவதற்கு உரிய மரபணுவைப் பாக்டீரியாவினுள் புகுத்தி, அதனைக் கொண்டே அந்த ஹார்மோனை உண்டாக்கும் முறையை ஜெனென்டெக் நிறுவனத்து அறிஞர்கள் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்டிருந்தனர். அம்முறையால் செய்யப்பெற்ற மருந்துக்கு 1985 ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்க அரசு இசைவு அளித்தது. இறந்தோரின் சுரப்பி இனி வேண்டுவதில்லை. அந்நோயின் அச்சமும் இல்லை. கலங்களில் வளரும் நுண்ணுயிர்கள் வேண்டிய அளவு மருந்தை ஆக்கித் தரும்.

மருந்து அரிதாக இருந்தபோது, அஃது இன்றியமையாதோர்க்கே அது கொடுக்கப்பெற்றது. மருந்து மிகுதியானபோது புதிய வினா ஒன்று எழுந்தது. ஹார்மோன் குறைவில்லாமல், வேறு நோயும் இல்லாமல், குள்ளமாக மட்டும் இருக்கும் குழந்தைகளுக்கும் இதனைக் கொடுக்கலாமா? கொடுத்தால் அவர்கள் உயர்வார்களா? பெற்றோர் பலர் விரும்பினர். மருத்துவர் சிலர் கொடுக்கவும் தொடங்கினர். முதல் ஓரிரு ஆண்டுகளில் குழந்தைகள் விரைந்து வளர்ந்ததும் உண்மை. ஆனால், விரைந்து வளர்ந்த குழந்தை விரைந்தே வளர்ச்சியை முடித்துக்கொள்ளுமாயின், இறுதி உயரத்தில் யாது பயன்? பருவம் எய்தும்போது இயல்பாகவே நேரும் வளர்ச்சியை, மருந்தினால் வந்தது என்று பெற்றோர் மயங்குதலும் கூடுமன்றோ?

இதனை ஐயமற அறிதற்கு, 1988 ஆம் ஆண்டில் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டா நகரிலுள்ள அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஒரு சோதனை தொடங்கப்பெற்றது. மிகக் குள்ளமான, ஆயினும் ஹார்மோன் குறைவற்ற குழந்தைகள் அதில் சேர்க்கப்பெற்றனர். அவர்கள் குலுக்கல் முறையில் இரு பிரிவினராகப் பிரிக்கப்பெற்றனர். ஒரு பிரிவினர்க்கு வளர்ச்சி ஹார்மோனும், மற்றொரு பிரிவினர்க்கு மருந்தற்ற போலி ஊசியும் வாரம் மும்முறை இடப்பெற்றன. எக்குழந்தை எதனைப் பெறுகிறது என்பதைக் குழந்தையும் அறியாது, பெற்றோரும் அறியார், அளவெடுக்கும் மருத்துவரும் அறியார். அறிந்தால் ஆசை கண்ணை மறைக்கும். அளவும் சற்றே சாயும். அறியாமை இங்கு நடுவுநிலைமைக்குக் காவலாயிற்று.

ஆனால், இச்சோதனை கடுமையான எதிர்ப்பையும் பெற்றது. வாரம் மும்முறை என்றால், நான்கு ஆண்டுகளில் ஊசிகளின் எண்ணிக்கை அறுநூற்றைத் தாண்டும். நோயற்ற ஒரு குழந்தைக்குப் பயனற்ற நீரை அறுநூறு முறை குத்திச் செலுத்துதல் முறையாகுமா என்று சிலர் வினவினர். குள்ளமாக இருத்தலை ஒரு நோய் என்று கருதி மருந்து தேடுவதே தவறு என்றும் அவர் கூறினர். 1992 ஆம் ஆண்டில் எதிர்ப்பு வலுத்தது. புதிய குழந்தைகளைச் சேர்ப்பது நிறுத்தி வைக்கப்பெற்றது. அறிஞர் குழு ஒன்று இதனை ஆராய்ந்தது. சோதனையின்றி மருந்தை வழங்கினால் எண்ணற்ற குழந்தைகள் பயன் அறியப்படாத ஊசியை ஏற்க நேரும். ஒரு சிலரிடம் முறையாகச் சோதித்து உண்மையை அறிதல் எல்லாக் குழந்தைகளையும் காக்கும். இக்கருத்தைச் சோதனையை ஆதரித்தோர் வற்புறுத்தினர். சோதனையைத் தொடரலாம் என்று குழு பரிந்துரைத்தது. 1993 ஆம் ஆண்டில் அது மீண்டும் நடைபெறத் தொடங்கியது. இரு திறத்தாரும் எடுத்துக்கொண்டது குழந்தையின் நலனே. அதனைக் காக்கும் வழியிலேயே அவர்கள் வேறுபட்டனர்.

சோதனையின் முடிவு 2004 ஆம் ஆண்டில் முழுமையாக வெளியிடப்பெற்றது. அதில் பங்கு கொண்ட குழந்தைகள் 68 பேர். அவர்களுள் இறுதி உயரம் அளக்கப்பெற்றவர் 33 பேரே. ஏனையோரின் இறுதி அளவு கிடைக்கவில்லை. குழந்தைகளைப் பல்லாண்டு ஒரு சோதனையில் நிலைநிறுத்துதல் எத்துணைக் கடினம் என்பதை இதுவே காட்டும். ஹார்மோனைப் பெற்றவர்கள், போலி ஊசி பெற்றவர்களைக் காட்டிலும் சராசரி 3.7 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்ந்திருந்தனர். மருந்து வேலை செய்தது என்பது உண்மையே. ஆனால், அது தந்தது ஏறத்தாழ இரு விரற்கடை உயரம். குள்ளரை நெடியவராக்கும் மாயம் எதுவும் அதில் இல்லை.

இந்த இரு விரற்கடைக்கு உரிய மதிப்பு யாது? பல்லாண்டு ஊசி, பெரும் பொருட்செலவு, அடிக்கடி மருத்துவரைக் காணல் ஆகியன ஒரு தட்டில் நிற்கின்றன. சற்றே கூடிய உயரம் மறு தட்டில் நிற்கிறது. உயரம் கூடினால் குழந்தையின் மனமும் உயரும் என்பதே பலர் எண்ணம். இதனை ஆராய்ந்தது இங்கிலாந்தின் வெசெக்ஸ் வட்டாரத்தில் நடைபெற்ற ஓர் ஆய்வு. நோயற்ற குள்ளக் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ந்த நாள்முதல் தொடர்ந்து கவனித்த அவ்வாய்வினர், 1997 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அக்குழந்தைகள் தம் உயரத்தைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டது உண்மை. ஆயினும் தன்மதிப்பிலும் நடத்தையிலும் பிறரினின்று குறிப்பிடத்தக்க வேறுபாடு அவர்களிடம் காணப்பெறவில்லை. மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்னும் முதுமொழிக்கு அக்குழந்தைகளே சான்றாயினர்.

2003 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, காரணம் அறியப்படாத குள்ளத்தன்மைக்கும் இம்மருந்தைப் பயன்படுத்த இசைவு அளித்தது. எனினும், அதற்கு ஓர் எல்லை வகுத்தது. ஒரே வயதும் ஒரே பாலும் உடைய ஆயிரம் குழந்தைகளுள் மிகக் குள்ளமான ஏறத்தாழப் பன்னிருவர்க்கே அஃது உரியது. கொடுக்கலாம் என்பது வேறு. கொடுத்தே தீர வேண்டும் என்பது வேறு. அதனை முடிவு செய்தற்கு மருத்துவர், பெற்றோர் ஆகியோரோடு குழந்தையின் விருப்பமும் கேட்கப்பெறல் வேண்டும். ஊசியை ஏற்பது குழந்தையின் உடலேயன்றோ?

ஹார்மோன் குறையுடைய குழந்தைகளின் நிலை இதனின் வேறானது. அவர்களுக்கு இம்மருந்து பெரும்பயன் தருகிறது. நாள்தோறும் இடும் ஊசியை வாரம் ஒருமுறையாகக் குறைப்பதற்கும் சோதனைகள் நடைபெற்றன. அத்தகைய சோதனை ஒன்றில் 161 குழந்தைகள் பங்குகொண்டனர். இங்கு எவர்க்கும் போலி ஊசி இடப்பெறவில்லை. பயன் தரும் மருந்து ஒன்று முன்னரே உள்ளபோது, அதனை மறுத்து ஒரு குழந்தையை வளராது நிறுத்தல் அறமாகாது. ஆகையால், ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை புதிய மருந்தையும், மற்றொரு பிரிவினர் நாள்தோறும் பழைய மருந்தையும் பெற்றனர். ஓராண்டில் புதிய மருந்தினர் 11.2 சென்டிமீட்டரும், பழைய மருந்தினர் 10.3 சென்டிமீட்டரும் வளர்ந்தனர். 2021 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அம்மருந்து இசைவு பெற்றது. ஓராண்டில் 365 ஆக இருந்த ஊசிகள் 52 ஆகக் குறைந்தன.

இத்துடன் சோதனை முடிந்துவிடவில்லை. இளமையில் இம்மருந்தைப் பெற்று வளர்ந்தோரை ஐரோப்பாவின் எட்டு நாடுகளைச் சேர்ந்த அறிஞர்கள் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர். மருந்து செய்த நன்மை ஓராண்டில் தெரியும்; அது தீங்கு செய்யவில்லை என்பது ஒரு தலைமுறை கழிந்தே தெரியும். 1985 ஆம் ஆண்டின் துயரத்தை அவர்கள் மறக்கவில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பர். குறையுடைய குழந்தைக்கு அமிழ்தமாகும் மருந்து, குறையற்ற குழந்தைக்கு வெறும் சுமையாகவும் ஆகலாம். எவர்க்கு எவ்வளவு என்பதை ஆசை சொல்லாது, அச்சமும் சொல்லாது, பொறுமையோடு செய்த சோதனையே சொல்லும். சுவரில் இடும் கோடு குழந்தையின் உயரத்தை மட்டும் அளக்கிறது. குழந்தையின் நலனையும் சேர்த்து அளப்பதே உண்மையான மருத்துவமாகும்.